பென்சிலில் பதிந்த மக்காவ்

கான்டன் வணிகத்தைப் பற்றிச் சென்ற வாரங்களில் நாம் புரட்டிய ஆதாரங்களில் பெரும்பாலானவை கணக்குப் புத்தகங்கள். எத்தனை பெட்டித் தேயிலை கப்பலேறியது, அதற்காக எவ்வளவு வெள்ளி சீனாவுக்குள் வந்தது, பிறகு அபினுக்காக அதே வெள்ளி எப்படி வெளியேறியது என்பதற்கெல்லாம் எண்கள் இருக்கின்றன. 1839-ல் ஆணையர் லின் சேஷு வெளிநாட்டு வணிகர்களிடமிருந்து கைப்பற்றிய அபின் 20,283 பெட்டிகள் என்று கடைசி இலக்கம் வரை சொல்லிவிட முடிகிறது. ஆனால் அதே ஆண்டில், அதே கரையில், ஒரு சுமைதூக்கி எங்கே உட்கார்ந்து சாப்பிட்டார், ஒரு கொல்லர் தன் உலையை எங்கே இறக்கி வைத்து ஊதினார், படகோட்டிய பெண் கைக்குழந்தையை எங்கே வைத்துக்கொண்டு துடுப்புப் போட்டார் என்று கேட்டால் பேரேடுகளில் பதில் இல்லை. சிங் அரசின் ஆவணங்களிலும் இப்படிப்பட்டவர்கள் வரி பாக்கி வைத்தால் வருவார்கள், குற்றம் செய்தால் வருவார்கள், பஞ்சத்தில் செத்தால் எண்ணிக்கையாக வருவார்கள். ஒரு சாதாரண நாளில் அவர்கள் எப்படி இருந்தார்கள் என்று எழுதி வைக்கும் தேவை எந்த அலுவலருக்கும் இருக்கவில்லை.

அந்தச் சாதாரண நாளுக்கு நமக்குக் கிடைத்திருக்கும் மிகச் சிறந்த சாட்சி, மக்காவில் ஏறக்குறைய 27 ஆண்டுகள் வாழ்ந்து அங்கேயே இறந்த ஜார்ஜ் சின்னரி என்ற ஆங்கில ஓவியர் விட்டுச்சென்ற கோட்டோவியத் தாள்கள் என்பது என் கட்சி. அவருடைய எண்ணெய் வண்ண ஓவியங்களை நான் சொல்லவில்லை. வெளிநாட்டாரோடு வணிகம் செய்ய அரசு உரிமம் பெற்ற ஹாங் வணிகர் ஹௌகுவா, அபின் வணிகர் வில்லியம் ஜார்டின் போன்ற பெரும்புள்ளிகளை அவர் தீட்டிய உருவப்படங்கள்தான் புகழ்பெற்றவை. அவை காசு கொடுத்தவரின் விருப்பப்படி அமைந்தவை. நான் சொல்வது உள்ளங்கை அளவுகூட இல்லாத சின்னச் சின்ன பென்சில் உருவங்களை. ஒரே தாளில் ஐந்தாறு நெருக்கியடித்து நிற்கும். ஓரத்தில் யாருக்கும் புரியாத கிறுக்கல் போல ஏதோ எழுதியிருக்கும். ஓவிய வரலாற்றாசிரியர்கள் நெடுங்காலம் இவற்றைப் பெரிய படங்களுக்கான முன்தயாரிப்பு என்று மட்டுமே பார்த்தார்கள். வரலாறு எழுதுபவர் பார்வையில் மதிப்பு தலைகீழாக மாறுகிறது.

ஆளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1774-ல் லண்டனில், எழுத்துக்கலை கற்பிக்கும் குடும்பத்தில் பிறந்தார். ராயல் அகாடமியில் படித்தார், டப்ளினில் மணம் முடித்தார், 1802-ல் மனைவியையும் இரு குழந்தைகளையும் விட்டுவிட்டு இந்தியாவுக்குக் கப்பலேறினார். அந்த ஆண்டு டிசம்பரில் அவர் இறங்கிய இடம் சென்னை. ஹைதராபாத்தில் பிரிட்டிஷ் ரெசிடென்டாக இருந்த கிர்க்பாட்ரிக்குக்கும் அவர் மனைவி கைருன்னிஸாவுக்கும் பிறந்த குழந்தைகள் இருவரை, அவர்கள் இங்கிலாந்துக்கு அனுப்பப்படும் முன் 1805-ல் அவர் தீட்டிய படம் சென்னையில் உருவானதுதான். என் வாதத்துக்கு அதைவிட முக்கியமானது அவர் கடற்கரையில் கற்றது. சென்னைக்கு அன்று துறைமுகம் கிடையாது. கப்பல்கள் தொலைவில் நங்கூரமிட, அலைகளைத் தாண்டி மசூலாப் படகுகளும் கட்டுமரங்களும்தான் ஆளையும் சரக்கையும் கரை சேர்த்தன. அந்தப் படகோட்டிகளை, உடல் வளைந்து நிமிரும் வேகத்திலேயே பிடித்து வரையும் பயிற்சி அவருக்கு இங்கே கிடைத்தது. 1807-ல் கல்கத்தா போனார். அடுத்து டாக்கா, மீண்டும் கல்கத்தா. சம்பாதித்ததைவிட அதிகம் செலவழித்து, கடன்காரர்களுக்குப் பயந்து டேனியர் வசமிருந்த ஸ்ரீராம்பூரில் ஒதுங்கி, கடைசியில் 1825-ல் சீனக் கரைக்கு ஓடினார். செப்டம்பர் மாத இறுதியில் மக்காவில் கால் வைத்தவர், 1852 மே மாதம் சாகும்வரை பெரும்பாலும் அந்த ஊரை விட்டு நகரவில்லை. கான்டனுக்குச் சில பயணங்கள், 1846-ல் ஹாங்காங்குக்கு ஒன்று, அவ்வளவுதான்.

இந்த நகராமையைத்தான் நான் முதல் ஆதாரமாக எடுத்துக்கொள்கிறேன். அவருக்கு முன்னால் சீனாவை வரைந்து புகழ்பெற்ற ஆங்கிலேயர் வில்லியம் அலெக்ஸாண்டர். பிரிட்டன் சீனாவுக்கு அனுப்பிய மெக்கார்ட்னி தூதுக்குழுவோடு 1792-ல் புறப்பட்டு 1794-ல் திரும்பியவர். அவருடைய 48 வண்ணப் படங்கள் கொண்ட நூல் 1805-ல் வெளிவந்து, ஐரோப்பா முழுவதும் சீனா என்றாலே கண்முன் நிற்கும் காட்சிகளைத் தீர்மானித்தது. ஆனால் அலெக்ஸாண்டர் பார்த்ததில் பெரும்பகுதி கால்வாயில் நகரும் படகிலிருந்து பார்த்தது. பேரரசர் சியென்லுங்கைத் தூதர் சந்தித்த ஜெஹோலுக்கு அவர் அழைத்துச் செல்லப்படவில்லை. பெருஞ்சுவரையும் அவர் நேரில் காணவில்லை. உடன் போன இன்னொருவர் வரைந்த படங்களை வைத்துத்தான் அக்காட்சிகளை அமைத்தார். அலெக்ஸாண்டர் நேர்மையற்றவர் என்று இதற்குப் பொருளில்லை. வழிப்போக்கன் ஒருமுறை பார்த்ததை உறுதிப்படுத்த மறுநாள் அங்கே இருக்க மாட்டான் என்பதுதான் சிக்கல். சின்னரி மறுநாளும் இருந்தார், அடுத்த ஆண்டும் இருந்தார். புனித தோமினிக் தேவாலயத்தின் முன்னாலிருந்த சந்தையையும், ஆ-மா கோயில் படிக்கட்டுகளையும், பிராயா கிராண்டி கடற்கரையையும் அவர் எத்தனை முறை வரைந்தார் என்று எண்ணி முடியாது. ஒரே மூலையைப் பல ஆண்டுகள் வரைந்தவரின் ஒரு தாளை இன்னொரு தாளோடு ஒப்பிட்டுச் சரிபார்க்கலாம்.

இரண்டாவது ஆதாரம், அந்தக் கிறுக்கல். அது கிறுக்கலே அல்ல. தாமஸ் கர்னி வகுத்த சுருக்கெழுத்து. லண்டன் ஓல்ட் பெய்லி நீதிமன்றத்தில் 18-ஆம் நூற்றாண்டிலேயே சாட்சிகளின் வாக்குமூலத்தைப் பதியப் பயன்பட்ட முறை இது. வாரன் ஹேஸ்டிங்ஸ் மீதான நாடாளுமன்ற விசாரணையும் இதே முறையில்தான் பதிவானது. சார்லஸ் டிக்கன்ஸ் நிருபராகத் தொழில் தொடங்கியபோது கற்றதும் இதையே. சின்னரி இதைத் தன் தாள்களில் தனக்கு மட்டுமேயான குறிப்பாகப் பயன்படுத்தினார். நெடுங்காலம் புரியாமல் கிடந்த இக்குறிப்புகளை ஹாங்காங்கில் வாழ்ந்த ஜெஃப்ரி போன்சால் போன்றோர் பொறுமையாகப் படித்து விடுவித்தபோது தெரிந்தது, அவற்றில் கவிதையோ ரகசியமோ எதுவும் இல்லை என்பது. வரைந்த தேதி, உடையின் நிறம், வெளிச்சம் விழும் பக்கம், அளவு சரியா தவறா, இதை இன்னும் நிரப்ப வேண்டுமா என்பன போன்ற வேலைக் குறிப்புகள். பல தாள்களில் இரண்டு தேதிகள் உண்டு: ஒன்று நேரில் பென்சிலால் வரைந்த நாள், மற்றது வீட்டில் அதன்மேல் பேனாவால் மை ஓட்டிய நாள். எது கண்ணெதிரே எடுக்கப்பட்டது, எது பிறகு சேர்ந்தது என்று தன்னையே இப்படிப் பிரித்துக் காட்டிய ஓவியர் எத்தனை பேர்? விற்பனைக்கான படத்தில் யாரும் இதைச் செய்ய மாட்டார்கள். வாங்குபவருக்குப் படிக்கத் தெரியாத எழுத்தில், தன்னைத் திருத்திக்கொள்வதற்காக எழுதிய குறிப்பில் பொய் சொல்ல ஒருவருக்குக் காரணமும் இல்லை. பேச்சில் சின்னரி மிகைப்படுத்துபவர். அவர் சொன்ன கதைகளைச் சமகாலத்தவர் ரசித்தார்களே தவிர முழுக்க நம்பியதாகத் தெரியவில்லை. தாளில் அவர் வேறு மனிதர்.

இந்தத் தாள்கள் என்னதான் சொல்கின்றன? நாவிதரை எடுத்துக்கொள்வோம். சின்னரியின் தெருக்காட்சிகளில் திரும்பத் திரும்ப வருபவர் இவர். சிங் அரசை நிறுவிய மஞ்சுக்களின் ஆட்சி நிலைபெற்றபோது, 1645-ல், ஹான் ஆண்கள் எல்லோரும் முன்மண்டையை மழித்துப் பின்னால் சடை விட வேண்டும், மறுத்தால் தலை போகும் என்று ஆணை வந்தது. இருநூறு ஆண்டுகள் கழித்து அது அச்சமூட்டும் சட்டமாக இல்லாமல் தினசரிப் பழக்கமாகிவிட்டது. முன்மண்டை மழுமழுவென்று இருக்க வேண்டுமானால் சில நாட்களுக்கு ஒருமுறை கத்தி படவேண்டும். தானே மழித்துக்கொள்வதும் கடினம். ஆகவே ஒவ்வொரு தெருமுனையிலும் நாவிதர் தேவைப்பட்டார். காவடித் தண்டின் ஒரு முனையில் வெந்நீர் அடுப்பு, மறுமுனையில் இழுப்பறைகள் வைத்த முக்காலி. அதுவே அவர் கடை. எங்கே இறக்கி வைக்கிறாரோ அங்கே தொழில். ஒரு பேரரசின் அரசியல் ஆணை, ஏழை ஒருவரின் பிழைப்பாக எப்படிச் சாலையோரத்தில் இறங்கி நின்றது என்பதை அரசாணைத் தொகுப்பைப் படித்து உணர முடியாது. வாடிக்கையாளர் கண்களை மூடிக் கழுத்தைத் தளரவிட்டு உட்கார்ந்திருக்கும் விதத்தைப் பார்த்தால் அந்த ஆணை எவ்வளவு பழகிப்போயிற்று என்பது புரிகிறது.

கொல்லரும் அப்படித்தான். அவர் உலைக்களத்துக்குக் கூரையில்லை, சுவரில்லை. தரையில் ஒரு சிறு பட்டறை, பக்கத்தில் நீளமான மரப்பெட்டி. தள்ளினாலும் இழுத்தாலும் காற்று விடும் அந்தப் பெட்டித் துருத்தி சீனத் தொழில்நுட்பத்தின் பழைய சாதனைகளில் ஒன்று. அதை நூல்களில் விளக்கப்படமாகக் காணலாம். ஆனால் அதை இயக்குபவர் எப்படிக் குந்தியிருந்தார், சம்மட்டி அடிப்பவர் எவ்வளவு நெருக்கத்தில் நின்றார், வேலையில்லாத இன்னொருவர் பக்கத்தில் எப்படிக் கைகட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார் என்பதெல்லாம் சின்னரியிடம்தான் இருக்கின்றன. தரையில் வட்டமாகக் குந்திச் சூதாடுபவர்கள், உணவுக் கூடையைச் சுற்றி நிற்பவர்கள், அவர்களுக்கு நடுவே கூச்சமின்றி உலாவும் பன்றிகள். இவற்றில் எனக்கு மிக மதிப்புள்ளதாகப் படுவது உடல் நிலைகள்தான். குந்துதல், சாய்தல், சுமை இறக்கியபின் தோளை நீவிக்கொள்ளுதல் போன்றவற்றை எந்த எழுத்தரும் எழுதவில்லை. புகைப்படக் கருவியும் அன்று பிடித்திருக்காது. பிரெஞ்சுக்காரர் ஜூல் இத்தியே 1844 அக்டோபரில் மக்காவைத் தாகரோடைப் முறையில் படமெடுத்தார். சீன மண்ணில் எடுக்கப்பட்டு இன்று எஞ்சியிருக்கும் மிகப் பழைய புகைப்படங்கள் அவை. கட்டடங்கள் துல்லியமாக விழுந்தன. அசைந்துகொண்டிருக்கும் தெருவைப் பிடிக்க அந்தத் தகட்டுக்கு வேகம் போதவில்லை. அதே ஊரில், அதே ஆண்டுகளில், அசைவைப் பிடித்தது ஒரு பென்சில்.

இனி மறுப்புகளுக்கு வருவோம். முதல் மறுப்பு வலுவானது. சின்னரி தன் காலத்து ஆங்கில ரசனையில் ஊறியவர்; பாழடைந்த சுவர், வளைந்த மரம், கந்தல் உடுத்திய ஆள், ஒரு விலங்கு என்று கண்ணுக்கினிய கலவையைத் தேடும் கண் அவருக்கு. வங்காளத்துக் குடிசையையும் மக்காவின் சந்தையையும் அவர் ஒரே அச்சில் வார்க்கவில்லையா? வார்த்தார், முடித்த ஓவியங்களில் அதைத் தெளிவாகக் காணலாம். இடப்பக்கம் ஒரு பன்றி, வலப்பக்கம் குழந்தையோடு ஒரு பெண், நடுவில் சிவப்பாக ஏதோ ஒன்று. நான் எண்ணெய் ஓவியங்களை விலக்கி வைத்ததற்குக் காரணமே இதுதான். தாள்களில் கலவை பெரும்பாலும் இன்னும் நடக்கவில்லை. உருவங்கள் தனித்தனியே, பின்னணி இல்லாமல், தேதியோடு இருக்கின்றன. மேலும், சரிபார்க்க வாய்ப்புள்ள இடங்களில் அவர் தேறுகிறார். புனித பவுல் தேவாலயம் 1835 ஜனவரியில் எரிந்து முகப்புச் சுவர் மட்டும் நின்றது. அவர் அதை எரிவதற்கு முன்னும் வரைந்தார், பின்னும் வரைந்தார். பிராயா கிராண்டியின் வளைவும், ஆ-மா கோயிலும் இத்தியேயின் தகடுகளோடு ஒத்துப்போகின்றன. கல்லில் தவறாதவர் மனிதரிலும் தவறவில்லை என்று இதிலிருந்து முழுமையாக முடிவுகட்ட முடியாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நம்பகத்தை அளக்க நம்மிடம் உள்ள அளவுகோலில் அவர் நேராக நிற்கிறார்.

இரண்டாவது மறுப்பு: சீனர்கள் தங்கள் தெருவைத் தாங்களே வரையவில்லையா, இதற்கு ஓர் அந்நியர் எதற்கு? வரைந்தார்கள், அதுவும் மிகச் சிறப்பாக. சோங் காலத்து ஜாங் செதுவான் வரைந்த நீண்ட சுருளில் ஆற்றங்கரை நகரமே உயிரோடு இருக்கிறது. சின்னரிக்கு ஒரு தலைமுறை முன்னால் கான்டனில் பூ குவாவின் பட்டறை தொழிலாளர் படங்களை வரிசையாகச் செய்து விற்றது. சென்னை மாகாணத்தில் பணியாற்றி, உடல்நலம் தேறக் கான்டன் போன ஜார்ஜ் ஹென்றி மேசன் என்ற ராணுவ அதிகாரி அவற்றில் 60 படங்களை 1800-ல் லண்டனில் நூலாக்கினார். அந்தப் படங்களை நான் மிகவும் மதிக்கிறேன். கருவிகளின் அமைப்பைத் தெரிந்துகொள்ள சின்னரியைவிட அவையே மேல். ஆனால் அவை வெற்றுத் தாளின் நடுவே ஒரு தொழிலுக்கு ஒருவர் என்று நிறுத்திக் காட்டும் பட்டியல். வெளிநாட்டு வாடிக்கையாளருக்காகப் பட்டறையில் படியெடுக்கப்பட்டவை. ஒருவர் இன்னொருவரோடு பேசுவது, காத்திருப்பது, இடித்துக்கொண்டு போவது அந்தப் பட்டியலில் இடம்பெறாது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படிக்க வேண்டும் என்பதே என் நிலை. ஒன்றை ஒழித்து மற்றதை உயர்த்துவது அல்ல.

மக்காவ் போர்த்துக்கீசியர் வசமிருந்த ஊர், அதை எப்படிச் சீனத் தெரு என்பது என்று கேட்பவர்களும் உண்டு. போர்த்துக்கீசியர் 1557 வாக்கில் குடியேறி, சீன அதிகாரிகளுக்கு ஆண்டுதோறும் நிலவாடகை செலுத்தி வந்த இடம் அது. சீனச் சுங்கச்சாவடி 1849 வரை ஊருக்குள்ளேயே இயங்கியது. மக்களில் பெரும்பான்மையினர் சீனர்கள். நாவிதரும் கொல்லரும் முத்தாற்றுக் கழிமுகத்தின் கிராமங்களிலிருந்து வந்தவர்கள். அவர்கள் காவடியும் துருத்தியும் லிஸ்பனிலிருந்து வரவில்லை. கான்டனில் வெளிநாட்டவர் ஆற்றங்கரைப் பண்டகசாலைகளை விட்டு நகரத்துக்குள் நுழையவே தடை இருந்த காலத்தில், ஓர் ஐரோப்பியர் தினமும் சீனர் நடுவே உட்கார்ந்து வரையக்கூடிய தெரு மக்காவில்தான் இருந்தது.

நான் மிகவும் தீவிரமாக எடுத்துக்கொள்ளும் மறுப்பு, இந்தத் தாள்களில் இல்லாதவை பற்றியது. பெண்களைப் பாருங்கள். சின்னரி வரைந்த சீனப் பெண்களில் மிகப் பலர் டான்கா படகுப் பெண்கள். தலையில் துணி, கால்கட்டு இல்லாத வெறுங்கால்கள், முதுகில் குழந்தை, கையில் துடுப்பு. நிலத்தில் வாழ்ந்தவர்கள் டான்கா மக்களைத் தாழ்வாகவே நடத்தினார்கள். கரையில் குடியிருக்கலாம் என்று 1729-ல் பேரரசர் யுங்செங் ஆணையிட்ட பிறகும் அந்த விலக்கு நீங்கவில்லை. பழைய படகுகளையே கரையில் தூக்கி நிறுத்தி வீடாக்கிக்கொண்ட அவர்களது குடியிருப்பை சின்னரி விரிவாக வரைந்திருக்கிறார். அந்த வாழ்விடத்துக்கு இவ்வளவு நெருக்கமான சான்று அரிது. ஆனால் வசதியுள்ள வீட்டுப் பெண்கள் கட்டிய கால்களோடு சுவருக்குள் இருந்தார்கள். அவர்களை அவர் பார்க்கவே இல்லை. ஆகவே இத்தாள்களை வைத்துச் சீனப் பெண்களின் நிலை இதுதான் என்று யாராவது எழுதினால் அது பெரும் பிழை. தெருவில் இருந்தவர்களின் சாட்சி இது, அந்த எல்லைக்குள் மட்டும்.

அபின் விஷயம் இதைவிடக் கசப்பானது. அவரை வாழவைத்த வாடிக்கையாளர்களில் ஜார்டினும் அவர் கூட்டாளி மேத்தசனும் உண்டு. லிண்டின் தீவருகே அபின் கப்பல்கள் நின்ற அதே ஆண்டுகளில், அதில் சேர்ந்த செல்வம் உருவப்படங்களுக்கான கூலியாக அவர் கைக்கும் வந்தது. தெருத்தாள்களில் அந்த வணிகம் பெரும்பாலும் இல்லை. 1839-ல் லின் சேஷு மக்காவுக்கே வந்து பார்வையிட்டுப் போனார், போர் மூண்டது, ஹாங்காங் கைமாறியது. இவ்வளவுக்கும் நடுவே சின்னரியின் பென்சில் பன்றிகளையும் படகுகளையும் வரைந்துகொண்டிருந்தது. இதை அவர் மனசாட்சியின் குறையென்று நான் கருதுகிறேன். தாள்களின் சான்று மதிப்பு இதனால் குறையவில்லை என்றும் கருதுகிறேன். எதைப் பார்க்க மறுத்தார் என்பதற்கு அவர் பொறுப்பு. எதைப் பார்த்தார் என்பதற்கு அவருடைய கோடு பொறுப்பு. அபினைப் பற்றி எழுத நமக்குக் கப்பல் கணக்குகளும் லின்னின் அறிக்கைகளும் இருக்கின்றன. 1830-களின் ஒரு காலையில் சந்தையில் சுமையை இறக்கி வைத்த ஆளைப் பற்றி எழுத இத்தாள்களைவிட நல்ல சான்றை நான் இதுவரை கண்டதில்லை.

அவை இன்று லண்டன், லிஸ்பன், ஹாங்காங், டோக்கியோ, அமெரிக்காவின் சேலம் எனப் பல ஊர் அருங்காட்சியகங்களிலும் நூலகங்களிலும் சிதறிக் கிடக்கின்றன. ஒரே ஆண்டில், ஒரே தெருவில் வரைந்தவைகூட மூன்று கண்டங்களில் இருக்கக்கூடும். சுருக்கெழுத்துத் தேதிகளைக் கொண்டு இவற்றை நாள்வாரியாகக் கோத்து, பூ குவாவின் தொழிலாளர் படங்களோடும் சீனச் சுங்க ஆவணங்களோடும் இணைத்துப் படிக்கும் பணியை வரலாற்றுத் துறையினர் தங்கள் பணியாக எடுத்துக்கொள்ள வேண்டும். ஓவியத் துறையிடம் மட்டும் விட்டுவிடக் கூடாது. தென் சீனக் கரையின் வரலாற்றை எழுதும் நூல்கள் இப்படங்களை அட்டை அலங்காரமாகப் போட்டுவிட்டு உள்ளே ஒரு வரிகூடப் பேசாமல் போவது இனியாவது நிற்கட்டும்.

சின்னரியிடமிருந்து தொழில் நுணுக்கம் கற்றவர் என்று சொல்லப்படுபவரும், பின்னர் பாதி விலைக்கு உருவப்படம் தீட்டி அவருக்கே போட்டியானவருமான கான்டன் ஓவியர் லாம்குவா, அமெரிக்க மருத்துவர் பீட்டர் பார்க்கரின் மருத்துவமனையில் கட்டிகளோடு வந்த ஏழை நோயாளிகளை வரைந்தார். அந்தப் படங்களை அடுத்த வாரம் பார்ப்போம்.